மாவீரர் நாளும் பிரேம் போட்ட படமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியில் படம் பெருப்பித்துப் பிரேம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிற ஆட்கள் மாறிவிடுவார்கள். கலியாண அல்பமும் பிறந்தநாள் பதாகையும் ஒதுங்கிவிட, பொலித்தீனில் சுற்றிய பழைய படங்கள் மேசைக்கு வரும். படத்தோடு கேள்வியும் வரும். வருடாவருடம் அதே கேள்விகள்தான். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற மருமக்கள் கேட்பார்கள், 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள், சிலவேளை அம்மாமாரே கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. என் அண்ணனும் கனகபுரத்தில், போராளிகளைப் புதைத்த இடத்தில்தான் இருக்கிறான் என்பதைத் தவிர, இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

மாவீரர் நாள் ஏன் நவம்பர் 27? தலைவற்ற பிறந்தநாளுக்காகவோ?

இல்லை. மாவீரர் நாள், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இறந்த போராளிகளை நினைக்கிற நாள். தலைவர் பிரபாகரனின் பிறந்தநாள் 26. அடுத்தடுத்த நாளாக வருவதால் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் களத்தில் காயப்பட்டு இறந்த முதல் போராளி சங்கர். சொந்தப் பெயர் சத்தியநாதன். யாழ்ப்பாணத்தில் காயப்பட்டவரைப் படகில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1982 நவம்பர் 27 அன்று அங்கே இறந்தார். அந்த நாளைத்தான் 1989இல் இயக்கம் மாவீரர் நாளாக எடுத்தது. இந்திய இராணுவம் இங்கே நின்ற காலம் அது. முதல் நிகழ்வு முல்லைத்தீவுக் காட்டுக்குள் நடந்தது.

மாலை 6.05க்கு மணி ஒலிக்கும். 6.06க்கு அகவணக்கம், அதாவது மௌனமாக நின்று வணங்குவது. 6.07க்குச் சுடர். சங்கரின் உயிர் பிரிந்த நேரமாகக் கொள்ளப்படுவதால்தான் 6.05. தொடக்க காலத்தில் நள்ளிரவில் ஏற்றினார்கள், பிறகுதான் மாலைக்கு மாறியது. 2008 வரையான இயக்கத்தின் சொந்தக் கணக்கிலேயே மாவீரர் தொகை 22 ஆயிரத்தைத் தாண்டியது. 2009இல் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

நாங்கள் சைவம். எங்கட ஆக்களை எரிக்கிறதுதானே? ஏன் இவையளைப் புதைச்சவை?

முதலில் எரித்தார்கள். 1990களின் தொடக்கத்தில்தான் விதைக்கிற வழக்கம் வந்தது. 'விதைத்தல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உடலை 'வித்துடல்' என்றார்கள், இடத்தைத் 'துயிலும் இல்லம்' என்றார்கள். சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்ற வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் ஒரே அளவுக் கல்லறை. 1987 ஒக்டோபர் 10 அன்று கோப்பாயில் முதல் பெண் போராளி மாலதி இறந்தார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பெண்பிள்ளைகளும் இந்த வரிசைகளுக்குள் வந்தார்கள்.

ஊர் வழக்கத்தை விட்டது சில தாய்மாருக்குத் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. கொள்ளி வைக்காத பிள்ளைக்கு ஆத்மசாந்தி எப்படி என்று என் அம்மம்மாவே கேட்டிருக்கிறா. பிறகு அவவேதான் வெள்ளிக்கிழமைதோறும் பூக்கூடையோடு போனா. போய் இருக்க ஓர் இடம் கிடைத்துவிட்டதல்லவா.

கல்லறைக்கும் நடுகல்லுக்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே உடல் இருந்தால் கல்லறை. உடல் கிடைக்காதவர்களுக்கு நட்டது நடுகல். கடலில் போனவர்கள், எதிரிப் பக்கத்தில் விடுபட்டவர்கள், வேறு மாவட்டத்தில் விதைக்கப்பட்டவர்கள் எனப் பலருக்கு நடுகல் இருந்தது. ஒரே ஆளுக்கு ஓர் ஊரில் கல்லறையும் இன்னோர் ஊரில் நடுகல்லும் இருந்ததுண்டு. அதனால் அண்ணனின் பெயரை இரண்டு இடத்தில் கண்டதாக யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

எங்கட துயிலும் இல்லம் இப்ப எப்பிடி இருக்கு? போய்ப் பாக்கலாமோ?

எது என்பதைப் பொறுத்தது. வன்னியில் கனகபுரம், முழங்காவில், தேராவில், முள்ளியவளை, அளம்பில், வன்னிவிளாங்குளம், ஈச்சங்குளம், பண்டிவிரிச்சான், ஆட்காட்டிவெளி என்று பல இருந்தன. போர் முடிந்ததும் டோசர் விட்டு எல்லாவற்றையும் இடித்தார்கள். சிலவற்றின் மேல் இராணுவ முகாம் வந்தது. அளம்பிலும் ஈச்சங்குளமும் அப்படிப்பட்டவை. அங்குள்ள சனம் பக்கத்துக் காணியில் கூடி விளக்கேற்றிவந்தது. போவதற்கு முன் அந்த ஊர் ஆளிடம் ஒரு சொல் கேளுங்கள்.

கனகபுரத்துக்குத் தாராளமாகப் போகலாம். 2016 நவம்பரில் கத்தியும் மண்வெட்டியுமாக நாங்கள் உள்ளே இறங்கியபோது ஆளுயரத்துக்குப் பற்றை. கல்லறை என்று ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி நடுவில் குவித்தோம். ஒன்றில் 'கப்ட' என்று மட்டும் இருந்தது, இன்னொன்றில் ஊர்ப்பெயரின் பாதி. அம்மா யாரையும் கேட்காமல் வாசலுக்குப் போய் நின்றா. அங்கிருந்து நாற்பத்திரண்டு எட்டு நேரே நடந்தா, இடப்பக்கம் திரும்பிப் பதினொரு எட்டு வைத்தா, குந்தினா. "இதிலதான்," என்றா. ஏழெட்டு வருடமாக அந்தக் கணக்கை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறா. எட்டின் நீளம் வயதோடு குறைந்திருக்குமே என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அந்த இடத்தில்தான் ஏற்றுகிறோம்.

முதல்தரம் வாறன். என்ன கொண்டுவர வேணும்?

குடை. மற்றதெல்லாம் இங்கே கிடைக்கும்.

பகிடி இல்லை. கார்த்திகை மழை வன்னியில் எப்படிப் பெய்யும் என்பதை வெளிநாட்டுக்காரர் மறந்துவிடுகிறார்கள். சேற்றில் செருப்பு புதையும், காற்றில் திரி அணையும். ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானின் அடியை வெட்டி விளக்கின் மேல் கவிழ்த்தால் அணையாது, மூடியைக் கழற்றிவிட்டால் புகையும் போகும். தேங்காய் எண்ணெயும் தடித்த திரியும் போதும். பூ வேண்டுமென்றால் உங்கள் வேலியில் பூத்ததைக் கொண்டுவாருங்கள். நான்கு மணிக்கே வந்துவிடுங்கள். ஐந்தரைக்குப் பிறகு வாகனம் விட இடம் இருக்காது.

விளக்குக் கொளுத்தினால் பிடிப்பாங்களோ?

இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். நேராகச் சொல்கிறேன். இறந்த உறவை நினைத்து விளக்கேற்றுவது குற்றமில்லை. ஆனால் விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 1998இல் தடை வந்தது, 2002இல் பேச்சுவார்த்தைக்காக நீக்கினார்கள், 2009 ஜனவரியில் மறுபடி போட்டார்கள். கொடி, சின்னம், தலைவரின் படம், சீருடைப் படம் எல்லாம் அந்தத் தடைக்குள் இழுபடக்கூடியவை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பேஸ்புக் பதிவுக்காகவும் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள்.

காலமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 2009க்குப் பிறகு சில வருடங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றினோம். 2016இல் வெளியே வந்தோம். 2020இல் பொலிஸார் நீதிமன்றத் தடையுத்தரவு எடுத்தார்கள், கொரோனா விதிகளையும் காரணம் காட்டினார்கள். 2024இல் உறவுகளை நினைவுகூரலாம், இயக்கச் சின்னங்கள் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. அந்த வருடம் சனம் நிறைந்து வழிந்தது. ஆகவே, அந்தந்த வருட நிலவரத்தை அறிந்துகொண்டு வாருங்கள். உங்கள் ஆளின் படத்தைக் கொண்டுவாருங்கள், கொடியைக் கொண்டுவராதீர்கள். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். பிறகு விசாரணைக்குப் போகிறவர் ஏற்பாட்டுக்குழுவில் இருக்கிற உள்ளூர் அண்ணைதான்.

கார்த்திகை விளக்கீடும் இதுவும் ஒண்டோ?

இல்லை. விளக்கீடு சமயப் பண்டிகை. கார்த்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் பார்த்து நாள் மாறும். மற்றது எப்போதும் 27. ஆனால் இரண்டும் கிட்டக்கிட்ட வருவதால் வாசலில் தீபம் வைத்த வீட்டுக்காரர்களும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2020இல் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது, விளக்கீட்டுக்கும் தொல்லை வந்தது.

கார்த்திகைப்பூவும் அப்படித்தான். இயக்கம் அதைத் தேசியப்பூ ஆக்கியதால் அரசியல் பூவாகிவிட்டது. தமிழ்நாட்டில் அதுவே செங்காந்தள், மாநில மலர். நம் வேலிகளில் கார்த்திகை மழையோடு அது தன்பாட்டில் பூக்கும், பொலிஸைக் கேட்டுப் பூப்பதில்லை. செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகளைக் கிண்ட விடாதீர்கள்.

அண்ணாவின்ர இயக்கப்பெயர்தான் எல்லாருக்கும் தெரியும். படத்துக்குக் கீழ எந்தப் பெயரைப் போடுறது?

இரண்டையும் போடுங்கள். சொந்தப் பெயரைப் பெரிதாகவும் இயக்கப்பெயரைக் கீழேயும் போடச் சொல்வேன். காரணம் இருக்கிறது. ஒரே இயக்கப்பெயர் பலருக்கு இருந்தது. ஒருவர் இறந்தால் அந்தப் பெயரை இன்னொருவருக்கு வைப்பார்கள். ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளை தேடும்போது இயக்கப்பெயரும் 'லெப்டினன்ட்' என்ற நிலையும் மட்டும் இருந்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. தகப்பன் பெயர், ஊர், பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், இவற்றையும் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறிப் படத்தின் முன்பக்கத்துக்கு வந்துவிடும்.

எங்களிட்ட ஒரு படமும் இல்லை. என்ன செய்யலாம்?

இது எனக்கு அதிகம் வருகிற கேள்வி. 2009இல் படங்களை என்ன செய்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். சீருடைப் படத்தைப் பங்கருக்குள் புதைத்தோம், கிழித்தோம், வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீரில் விட்டோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமி பையைக் கொட்டிச் சோதிக்கும்போது பிள்ளையின் படம் விழுந்தால் மிஞ்சியிருக்கிற பிள்ளைக்கும் ஆபத்து. தாயே தன் மகனின் முகத்தைக் கிழிக்க வேண்டிவந்தது.

தேடக்கூடிய இடங்கள் உண்டு. பள்ளிக்கூட வகுப்புப் படம், சாமத்தியவீட்டு அல்பம், திருமணப் படத்தின் ஓரத்தில் வாழைமரத்தோடு நிற்கிற பொடியன், 1995க்கு முன் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன சொந்தக்காரருக்கு அனுப்பிய கடிதத்துக்குள் வைத்த படம். கனடாவில் இருக்கிற மாமியின் அலுமாரியிலிருந்துதான் என் அண்ணனின் படம் கிடைத்தது. தபால்தலை அளவு முகம் இருந்தால் போதும், பெருப்பிக்கலாம். கண் தெளிவாக இருக்க வேண்டும், மற்றதைச் சமாளிக்கலாம்.

பேஸ்புக்கில் போட்டு வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். இயக்கம் சம்பந்தப்பட்ட படம் என்று அவர்களே அழித்துவிடுவார்கள், சிலவேளை கணக்கையும் சேர்த்து. இரண்டு பென்டிரைவில் ஏற்றி இரண்டு வீட்டில் வையுங்கள்.

வரிச்சீருடையை எடுத்துப்போட்டு வெள்ளைச் சேட்டுப் போட்டுத் தரேலுமே? அது பொய்யாகிப் போகாதோ?

செய்து தருவேன். மாதத்தில் நாலைந்து வரும். வரவேற்பறையில் தொங்கவிட வேண்டும், ஆமி வீட்டுக்கு வந்தாலும் பிரச்சினை வரக்கூடாது, மகளைப் பெண்பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்கக்கூடாது. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாற்றிய படத்தோடு மாற்றாத மூலப் படத்தையும் சின்னதாக அடித்துக் கடித உறைக்குள் போட்டுக் கொடுப்பேன். உறையைப் பிரேமின் பின்பலகைக்குள் வைத்து மூடிவிடலாம். ஒருநாள் யாரோ பிரேமைக் கழற்றும்போது அவன் யார் என்பது முழுதாக வெளியே வரட்டும்.

மறுபக்கமும் நடக்கிறது. சாதாரணச் சேட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிற பதினேழு வயதுப் பொடியனுக்குச் சீருடையும் துவக்கும் வைத்துத் தரச் சொல்லி வெளிநாட்டுத் தம்பி ஒருவர் அடம்பிடித்தார். அவன் ஒருநாளும் அப்படிப் படம் எடுத்ததில்லை. அதை நான் செய்யவில்லை. ஏன் என்பதை இன்னும் இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

செத்த திகதி தெரியாது. எந்த நாளில திவசம் செய்யிறது?

இறந்த மாதம் தெரிந்து திதி தெரியாவிட்டால் அந்த மாத அமாவாசையில் செய்யலாம் என்பது ஐயர்மார் சொல்கிற வழக்கம். 2009 மே மாதத்தில் போனவர்களுக்குப் பல வீடுகளில் போர் முடிந்த மே 18ஐயே வைத்துக்கொண்டார்கள். அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சியும் காய்ச்சுவார்கள். உப்பும் அரிசியும் தண்ணீரும்தான். போரின் அந்தக் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அதுவே சாப்பாடு. வேதக்காரர் நவம்பர் 2, மரித்தோர் நினைவு நாளில் பூசைக்குக் கொடுக்கிறார்கள்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஓர் அம்மா வற்றாப்பளைப் பொங்கலைக் கணக்காக வைத்திருக்கிறா. கடல்நீரில் விளக்கெரிகிற கோயில் அது. வைகாசிப் பொங்கலுக்கு முந்திய திங்களில் மகனுக்குப் படைக்கிறா. கோயிலிலிருந்து பார்த்தால் நந்திக்கடல், அதற்கு அப்பால்தான் அவன் போனது. இதைவிடச் சரியான நாளை எந்தப் பஞ்சாங்கம் குறித்துக் கொடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பியை விருப்பமில்லாமல்தான் பிடிச்சுக்கொண்டு போனவை. அவனும் மாவீரனோ?

2006க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கொருவர் இயக்கத்துக்கு வர வேண்டும் என்று வந்ததும், பிறகு அது ஒருவரோடு நிற்காமல் போனதும் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையைத் தண்ணீர்த் தாங்கிக்குள் ஒளித்தவர்கள் உண்டு. பதினெட்டுக்கு முன்னரே அவசரக் கலியாணம் கட்டிவைத்தவர்களும் உண்டு. பதினெட்டு வயது வராத பிள்ளைகளையும் எடுத்தார்கள். தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டால் ஓடிப்போனாலும் அடையாளம் தெரியும் என்பது அப்போதைய கணக்கு.

அவன் மாவீரனா என்பதை ஏற்பாட்டுக்குழு சொல்ல வேண்டியதில்லை, நானும் சொல்ல வேண்டியதில்லை. அவன் உங்கள் தம்பி. விளக்கு அவனுக்கு. ஆனால் எப்படிப் போனான் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். 'தாயகக் கனவோடு தன்னை அர்ப்பணித்தான்' என்று எல்லாருக்கும் போடுகிற அதே வசனத்தை அவனுக்கும் போட்டால், அழுதுகொண்டு போன பிள்ளை காணாமல் போய்விடுவான். முன்னே சொன்ன சேட்டுப் பொடியனுக்கு நான் துவக்கு வைக்காததும் இதனால்தான். விரும்பிப் போனவனை விரும்பிப் போனவனாகவும் பிடித்துக்கொண்டு போனவனை அப்படியேயும் வைப்பதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை. என் அண்ணன் விரும்பித்தான் போனான், அம்மாவுக்குக் கடிதம் எழுதி சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு.

மகனை ஆமியிட்ட ஒப்படைச்சனான். இன்னும் வரேல்லை. 27ஆம் திகதி அவனுக்கு விளக்கு வைக்கலாமோ?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை அம்மா. ஆனால் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

வைக்காதவர்கள் நிறையப் பேர். விளக்கு வைத்தால் இறந்துவிட்டான் என்று தாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட உட்கார்ந்த அம்மாமாரின் கேள்வியே 'எங்கே' என்பதுதான். சிலர் அந்தக் கேள்வியோடேயே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களின் படங்களுக்கும் நான்தான் பிரேம் போட்டேன். பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்தபடி இருக்கிற தாயின் படம், ஒரு பிரேமுக்குள் இரண்டு ஆள்.

காகித அலுவல் வேறு. வங்கி, காணி என்று வரும்போது மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி நெருக்குவார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்று ஒன்று வந்தது. இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே அந்த அலுவல்களைப் பார்க்க அது உதவும். அதை எடுத்தால் தேடுகிற உரிமை போய்விடாது. விளக்கு விஷயத்தில், உங்கள் மனம் எப்போது சொல்கிறதோ அப்போது. அதுவரை அவன் படத்துக்கு மாலை போட வேண்டாம். மாலை போட்டுத் தரவா என்று நான் யாரையும் கேட்பதில்லை.

உயிரோட இருக்கிற முன்னாள் போராளியளிட்ட பழைய கதையளைக் கேக்கலாமோ?

கேட்கலாம், கமராவை எடுக்காமல். போர் முடிந்து சுமார் 12,000 பேர் 'புனர்வாழ்வு' முடித்து வெளியே வந்தார்கள். ஊரில் 'தடுப்பில இருந்து வந்தவர்' என்பார்கள். வந்த பிறகும் வீட்டுக்கு ஆள் வரும், தொலைபேசி வரும், யார் வந்தது என்று கேட்பார்கள். வேலை கொடுக்கப் பயந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அதைவிட மோசம், மேடையில் அவர்களைப் புகழ்ந்தவர்களே மருமகளாக எடுக்க மாட்டோம் என்றார்கள். இறந்தவனுக்கு ஊர் முழுக்க விளக்கேற்றும். அவன் பக்கத்தில் நின்று காலை இழந்தவர் அதே நிகழ்வுக்கு ஓட்டோவுக்குக் காசில்லாமல் வீட்டில் இருப்பார். இந்தக் கோபம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். எங்கே நித்திரை கொண்டீர்கள், என்ன சமைத்தீர்கள், யார் நன்றாகப் பாடுவார், காய்ச்சல் வந்தால் என்ன செய்தீர்கள் என்று தொடங்குங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறா. இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கைக் காலத்தில், 1997-98இல், இயக்கத்தின் வழங்கல் பகுதியில் நின்றவ. எண்பது பேருக்கு உப்பு எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா. வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கத்தான் இன்றுவரை அளவு பிடிபடவில்லை, தினமும் மிஞ்சும், கோழிக்குப் போகும். மூன்று வருடப் பழக்கத்துக்குப் பிறகுதான், பருப்பு புடைத்துக்கொண்டே ஒருநாள் அப்போது சண்டை நடந்த புளியங்குளத்தைப் பற்றிக் கதைத்தா. நான் எழுதிக்கொண்டேன், பெயரை எழுதவில்லை. உயிரோடு இருக்கிறவர்களின் பெயர், படை, இடம் மூன்றையும் ஒரே கொப்பியில் எழுதி வைக்காதீர்கள்.

இயக்கம் விட்ட பிழையளை எழுதினால் துரோகம் எண்டு சொல்லுவினம். என்ன செய்யிறது?

சொல்லட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் அவர்கள் கையில் கிடைத்ததோடு போனார்கள். கடைசி மாதங்களில் கடக்க முயன்ற சனத்தை நோக்கியும் சூடு விழுந்தது. இதைக் கண்டவர்கள் வன்னியில்தான் இருக்கிறார்கள். அதே மாதங்களில் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள்ளேயே அரசாங்கத்தின் செல் விழுந்ததையும் கண்டார்கள். 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை விழுங்க வேண்டியதில்லை.

என் அண்ணனுக்கு நான் விளக்கேற்றுவது அவனுடைய இயக்கம் செய்த எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுவதாகாது. ஒரு முஸ்லிம் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் தகப்பனின் கடைப் படம் ஒன்றைப் பெருப்பிக்கத் தந்துவிட்டுப் போனார். நான் கூலி வாங்கவில்லை.

வேற இயக்கத்தில இருந்து செத்தவைக்கு ஆர் விளக்கு வைக்கிறது?

அவரவர் வீடும் கட்சியும். புளொட் ஜூலை நடுப்பகுதியில் வீரமக்கள் தினம் செய்கிறது, ஈ.பி.ஆர்.எல்.எப். ஜூன் 19இல் தியாகிகள் தினம். 1986இல் டெலோ என்ற இயக்கத்தைப் புலிகள் அழித்தபோது இறந்தவர்களும் இதே வன்னி, மன்னார், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான். சில வீடுகளில் ஒரே சுவரில் இரண்டு இயக்கத்து அண்ணன் தம்பி படம் தொங்குகிறது. அந்தத் தாய் ஒரே பூவைத்தான் இரண்டாக வகிர்ந்து வைக்கிறா.

பொதுச்சுடரை ஆர் ஏத்துறது? கட்சிக்காரர் வந்து மைக் பிடிக்கினமே.

பிள்ளையைக் கொடுத்த தாயோ தகப்பனோ துணையோ ஏற்றுவார்கள். அரசியல்வாதி வரலாம், எல்லாரையும் போல வரிசையில் நின்று ஏற்றலாம். இதில் சண்டை வந்த வருடங்களும் உண்டு, அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க விருப்பமில்லை.

எங்கட ஊருக்குள்ள ஆமி கட்டின தூண்களைப் பிள்ளையள் கேக்கினம். என்ன சொல்லுறது?

பார்த்ததைச் சொல்லுங்கள். அவை ஆமியின் போர் நினைவுச்சின்னங்கள். கிளிநொச்சியில் கொங்கிரீட் கட்டியைத் துளைத்த சன்னமும் மேலே தாமரையும். புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே துவக்கேந்திய சிப்பாய். ஆனையிறவில் 1991இல் காமினி குலரத்ன என்ற சிப்பாய் தன் உயிரைக் கொடுத்துத் தடுத்த, புலிகளின் கவச டோசர். அவருக்கும் ஓர் அம்மா இருந்தா. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிற தாய்மாரை அங்கே பார்த்திருக்கிறேன், நம் அம்மாமார் அழுவது மாதிரியே அழுகிறார்கள். அவர்களுக்குத் தூணும் பூவும் இருக்கிற மாதிரி நம் பக்கத்துக்கு ஒரு கல்லாவது விட்டிருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை. தூணை இடிக்க வேண்டும் என்பதல்ல.

பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். 1803 ஓகஸ்ட் 25 அன்று வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான். இவ்விடத்தில் இன்னார் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று வெள்ளைக்காரர்கள் அங்கே கல் நட்டார்கள். வென்றவரைப் புகழ நட்ட கல்லுக்கு நம் சனம் தோற்றவனைத் தேடித்தான் போனது. போன வருடம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த வெள்ளைக்காரன்ர படம் ஒருத்தரிட்டையும் இல்லையோ?" என்று கேட்டாள். என் கடைக்கு அந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை.